ஃபைனான்ஸ் கம்பெனியில் ஃபீல்ட் ஆபீசர் வேலை: தருமபுரி, கிருஷ்ணகிரி கிளைகளில் இருப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள்?

கேள்வி இதுதான். காரிமங்கலம் பக்கத்துப் பையன், பி.காம். முடித்தவன். நாடு முழுக்கக் கிளை வைத்திருக்கும் பெரிய நிதி நிறுவனம் ஒன்றில் ஃபீல்ட் ஆபீசர் வேலைக்கு ஆஃபர் லெட்டர் வந்திருக்கிறது. "உள்ளே வேலை செய்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள், தம்பியை நம்பி அனுப்பலாமா?" என்று அவன் அக்கா கேட்கிறார்.

ஒரே கம்பெனியைப் பற்றி ஓசூரில் ஒருவர் "தேதி தவறாமல் சம்பளம், பி.எஃப். எல்லாம் பக்கா" என்பார். அரூரில் இன்னொருவர் "அந்தப் பக்கமே தலை வைத்துப் படுக்காதே" என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. போர்டில் இருக்கும் பெயரை விட இரண்டு விஷயங்கள்தான் அந்த வேலையைத் தீர்மானிக்கின்றன: எந்த சீட்டில் உட்காருகிறோம், உட்காரும்போது கையில் கடன் வாங்கியவர்களின் எந்த லிஸ்ட்டைக் கொடுக்கிறார்கள். கம்பெனியைப் பற்றிக் கேட்கிற நேரத்தில் பாதியை அந்த லிஸ்ட்டைப் பற்றிக் கேட்கச் செலவிடுங்கள்.

முதலில் சீட். இந்த இரண்டு மாவட்டங்களில் "ஃபைனான்ஸ் கம்பெனி வேலை" என்றால் பெரும்பாலும் குழுக்கடன், நகைக்கடன், வண்டிக்கடன் என்ற மூன்றில் ஒன்று. இன்சூரன்ஸ் விற்கும் வேலையும் உண்டு. ஆனால் அதில் ஏஜெண்ட் சேர்க்கும் டார்கெட்தான் முழு வேலையே. சொந்தக்காரர் வட்டம் தீர்ந்ததும் வேலையும் தீர்ந்துவிடும் என்பதால் அதைத் தனியாக விவரிக்கவில்லை.

ஃபீல்ட் ஆபீசர் என்று போட்டிருந்தால் அநேகமாகக் குழுக்கடன்தான். நாள் காலை ஏழு மணிக்கு முன்பே தொடங்கிவிடும். பெண்கள் கூலிக்கோ பூப்பறிக்கவோ போவதற்குள் முதல் சென்டர் மீட்டிங்கை முடிக்க வேண்டும் (குழுப் பெண்கள் கூடித் தவணை கட்டும் இடம்தான் சென்டர்). மதியத்துக்குள் மூன்று நான்கு சென்டர். பணத்தை எண்ணி, ஒவ்வொருவர் கார்டிலும் பதிந்து, டேப்லெட்டில் ஏற்றி, கிளைக்கு வந்து கட்ட வேண்டும். மதியத்துக்கு மேல் புதுக்குழு சேர்ப்பது, வீடு பார்ப்பது, ஆதார், ரேஷன் கார்டு வாங்கிக் கடன் விண்ணப்பத்தை லாகின் செய்வது. சாயங்காலம் காலையில் வராதவர் வீடு. கடைசியில் டே எண்ட். ஐந்நூறு ரூபாய்த் தாள் எத்தனை, நூறு எத்தனை என்று டெனாமினேஷன் எழுதி, சிஸ்டத்தில் உள்ள தொகையும் கையில் உள்ள தொகையும் ஒன்றானால்தான் வீட்டுக்குப் போகலாம். நூறு ரூபாய் குறைந்தால் அந்த நூறு அவர் பாக்கெட்டிலிருந்துதான். எந்த சென்டரில் தவறியது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. அதனால் அனுபவசாலிகள் ஒவ்வொரு சென்டர் பணத்தையும் தனித்தனி ரப்பர் பேண்ட் போட்டு, மேலே துண்டுச் சீட்டில் தொகை எழுதி வைப்பார்கள். சின்ன விஷயம்தான், மாதத்துக்குச் சில நூறு ரூபாய் மிச்சமாகும்.

இனி அந்த லிஸ்ட். ஐந்நூறு பேர் கொண்ட பகுதியைக் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கலெக்ஷன் 98 சதவீதம் என்றால் கட்டாதவர் பத்துப் பேர். பத்து வீடு, வாரம் இரண்டு நடை, சமாளித்துவிடலாம். அதே ஐந்நூறு பேரில் 85 சதவீதம் என்றால் எழுபத்தைந்து பேர். முன்பு இருந்தவர் ஓடிப்போன லிஸ்ட் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். எழுபத்தைந்து வீட்டுக்கு நடந்துகொண்டே புதுக்கடன் டார்கெட்டையும் முடிக்க யாராலும் ஆகாது. இன்சென்டிவ் கணக்கோ பல இடங்களில் கலெக்ஷன் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தைத் தாண்டினால்தான் திறக்கும். ஆகவே கெட்ட லிஸ்ட் கிடைத்தவர் முதல் மாதத்திலிருந்தே வெறும் சம்பளம்தான் வாங்குவார். "டார்ச்சர்" என்று வேலையை விட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் கதை வேறொருவர் கொடுத்துவிட்டுப் போன கடனில்தான் தொடங்கும்.

இண்டர்வியூவிலோ சேரும் முன்போ தம்பி கேட்க வேண்டியவை: எனக்குக் கொடுக்கப்போகும் பகுதியில் எத்தனை பேர், போன மாதக் கலெக்ஷன் எவ்வளவு, தவணை தவறியவர்களில் 30 நாளுக்குள் எத்தனை பேர், 90 நாளைத் தாண்டியவர் எத்தனை பேர்? 90 நாள் தாண்டினால் அது வாராக்கடன் கணக்கு. 1 முதல் 30 நாள் வரை உள்ளவர்களிடம் பேசிப் பணம் வாங்கலாம். 90-ஐத் தாண்டியவர்களில் பாதிப்பேர் ஊரிலேயே இருக்க மாட்டார்கள். நேர்மையான மேனேஜர் எண்களைச் சொல்வார். "அதெல்லாம் சேர்ந்தப்புறம் பாத்துக்கலாம்பா" என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

பணம் எப்போது வரும், எப்போது வராது என்பது கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்குத் தெரியாது, ஊருக்குத் தெரியும். பென்னாகரம், நல்லம்பள்ளி, பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் பல வீடுகளில் ஆண்கள் பெங்களூரில் கட்டட வேலை. வாரக்கூலி சனிக்கிழமை கைக்கு வரும். அதனால் திங்கள், செவ்வாய் சென்டர்கள் சுலபமாக முடியும், வெள்ளி சென்டர் இழுக்கும். பாலக்கோடு வட்டாரத்தில் தக்காளி விலை விழுந்தால் அடுத்த வாரமே தெரிந்துவிடும். கிருஷ்ணகிரி, பர்கூர், போச்சம்பள்ளி பக்கம் மாம்பழ சீசன் முடிவில்தான் பெரிய தொகை புழங்கும். கூழ் ஆலைகள் பெங்களூரா ரகத்துக்கு விலை குறைத்த ஆண்டில் ஜூலை, ஆகஸ்ட் கலெக்ஷன் படுத்துவிடும். ரிவ்யூ காலில் மேலதிகாரி இதையெல்லாம் சாக்கு என்பார். சாக்கு அல்ல. ஆனால் சீசன் முடிந்தபிறகு சொன்னால் சாக்காகத்தான் தெரியும். மே மாதமே எந்தெந்த வீடு மாங்காயை நம்பியிருக்கிறது என்று பட்டியல் எடுத்து மேனேஜருக்கு எழுத்தில் கொடுத்தவர் பேச்சு எடுபடும்.

ஓசூரில் வேறு மாதிரிச் சிக்கல். ஆலைகளில் சம்பளம் பெரும்பாலும் 7-ஆம் தேதிக்குள்தான் கிரெடிட் ஆகும். கடன் தவணையோ 3 அல்லது 5-ஆம் தேதி வங்கிக் கணக்கிலிருந்து தானாக எடுக்கும்படி போட்டிருப்பார்கள். கணக்கில் பணம் இருக்காது, பவுன்ஸ் ஆகும். வாடிக்கையாளருக்கு அபராதம், ஃபீல்ட் ஆபீசருக்கு ஓவர்டியூ, அதாவது தவணை பாக்கிக் கணக்கு. லாகின் செய்யும்போதே சம்பளத் தேதியைக் கேட்டு டியூ தேதியை 10-க்குத் தள்ளிப் போட்டிருந்தால் இரண்டு பேருக்கும் தொல்லை இல்லை. சில கம்பெனிகளில் தேதி தேர்வு செய்ய அனுமதி உண்டு, சிலவற்றில் இல்லை. ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் நாலு வார்த்தை பேசத் தெரிந்தவருக்கு வேலை பாதி குறையும்.

விதிகளையும் தெரிந்துவைத்திருப்பது ஊழியருக்குத்தான் பாதுகாப்பு. 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, குடும்ப ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ளவர்களுக்கு அடமானமில்லாமல் கொடுப்பதுதான் நுண்கடன், குழுக்கடனும் இதில்தான் சேரும். எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. வசூலுக்காகக் காலை 9-க்கு முன்னும் மாலை 6-க்குப் பின்னும் கடன் வாங்கியவரை அழைக்கக்கூடாது. இருவரும் ஒப்புக்கொண்ட பொது இடத்தில்தான் வசூல். அங்கே இரண்டு முறையோ அதற்கு மேலோ தொடர்ந்து வராமல் போனால்தான் வீட்டுக்கோ வேலை இடத்துக்கோ போகலாம். "ராத்திரி எட்டு மணிக்கு வாசலில் உட்கார்ந்து போட்டோ அனுப்பு" என்று வாட்ஸ்அப் குழுவில் உத்தரவு வந்தால் அது விதிமீறல். புகார் போனால் முதலில் மாட்டுவது போட்டோவில் இருப்பவர், உத்தரவு போட்டவர் அல்ல. வாயால் சொன்னதை "சார், நீங்கள் சொன்னபடி இப்போது போகிறேன்" என்று மெசேஜாகப் பதிந்துவிட்டால் பல உத்தரவுகள் தானாகவே அடங்கிவிடும்.

வருமானத்தைக் கூட்டி எழுதிக் கடன் பாஸ் செய்வது இன்னொரு தவறு. டார்கெட் முடிய வேண்டும் என்று 12,000 ரூபாய் வருமானத்தை 20,000 என்று எழுதுகிறவர் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறார். ஆறு மாதம் கழித்து அந்த வீட்டுக்குத் தவணை கேட்டு நடக்கப்போவது அவரேதான்.

வேலையை விட்டுத் துரத்துவதும் சில நேரம் காவல் நிலையம் வரை கொண்டுபோவதும் ஒரே பழக்கம்: கையிலிருந்து போடுவது. மாதக் கடைசி, இரண்டு பேர் கட்டவில்லை, இன்சென்டிவ் போய்விடும் என்று சொந்தப் பணத்தைப் போட்டுக் கணக்கை முடிப்பார்கள். அடுத்த மாதம் மூன்று பேர். பிறகு ஒருவர் முன்கூட்டிக் கட்டிய பணத்தை எடுத்து இன்னொருவர் கணக்கில் போடுவார்கள், ரசீது இல்லாமல். ஆடிட் வந்து கார்டையும் சிஸ்டத்தையும் ஒத்துப் பார்க்கும் நாளில் அதன் பெயர் உதவி இல்லை, கையாடல். பாரதிய நியாய சன்ஹிதா 316-ஆம் பிரிவு, நம்பிக்கை மோசடி. சொந்தப் பணம் போட்டதற்கு அத்தாட்சி இருக்காது, அடுத்தவர் பணத்தை எடுத்ததற்கு இருக்கும். தம்பியிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்ல முடியும் என்றால் இதைச் சொல்லி அனுப்புங்கள்.

சம்பளத்துக்கு வருவோம். ஆஃபர் லெட்டரில் இருக்கும் ஆண்டுத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்து மனக்கோட்டை கட்டக்கூடாது. ஓர் உதாரணக் கணக்கு: மொத்த மாதச் சம்பளம் 19,000, அதில் அடிப்படை 11,000. பி.எஃப். 12 சதவீதம் 1,320 பிடித்தம். இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் 143. கைக்கு 17,537. கம்பெனி தன் பங்காகக் கட்டும் பி.எஃப். 1,320, இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம் 618, கிராஜுவிட்டி ஒதுக்கீடு 529 இவற்றையும் சேர்த்துத்தான் 21,467, அதாவது ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்கு மேல் என்று காகிதத்தில் காட்டுவார்கள். பொய் இல்லை, ஆனால் மாதச் செலவுக்கு வராது.

அந்த 17,537-லும் பைக் பங்கு கேட்கும். நாளுக்கு 70 கிலோமீட்டர், 25 நாள் என்றால் 1,750 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிடைத்தால் 39 லிட்டர், கிட்டத்தட்ட 4,000 ரூபாய். கிலோமீட்டருக்கு 2.50 கொடுத்தால் 4,375 வரும், பெட்ரோலுக்கு மேல் மிஞ்சும் முந்நூற்றுச் சொச்சத்தில்தான் ஆயில், செயின், டயர் எல்லாம். சில கம்பெனிகள் கிளையிலிருந்து சென்டருக்கு உள்ள தூரத்தை மேப்பில் நேர்க்கோட்டில் அளந்து கொடுக்கும். ஏரியூர், சித்தேரி மலைப்பாதையில் நேர்க்கோடு எங்கே இருக்கிறது? பெட்ரோல் படி எப்படி அளக்கப்படுகிறது என்பதைச் சம்பளத்துக்கு இணையாகக் கேளுங்கள். அஞ்செட்டி, தளி, ஜவளகிரி பகுதி என்றால் சாயங்காலத்துக்குப் பிறகு யானை நடமாட்டம் உண்டு. அங்கே கடைசி சென்டரை மூன்று மணிக்குள் முடிக்கும்படி ரூட் போட்டுக் கொடுப்பார்களா என்றும் கேட்க வேண்டும்.

இ.எஸ்.ஐ.யைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மாதம் 21,000 வரை சம்பளம் வாங்குவோருக்கு அது உண்டு. வேலை நேரத்தில் வண்டியில் விழுந்து கை ஒடிந்தால், தற்காலிக ஊனத்துக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். நோய் விடுப்புக்கு, தகுதி இருந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதம். சேர்ந்த முதல் வாரமே எண் உருவாக்கச் சொல்ல வேண்டும். விபத்துக்குப் பிறகு உருவாக்க ஓடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. பி.எஃப். தொகை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். மத்திய அரசின் உமங் செயலியில் பி.எஃப். பாஸ்புக் திறந்து முதல் மாதமே பார்த்துவிடுங்கள்.

நகைக்கடன் கிளை இதைவிட நிழலான வேலை. பெண்கள் அதிகம் விரும்புவதும் இதைத்தான். வெயிலில் அலைச்சல் கிடையாது. ஆனால் பயம் வேறு வடிவத்தில் இருக்கும், போலி நகை. உரைகல்லில் தேய்த்து அமிலம் விட்டால் மேல்பூச்சு தடிமனாக இருக்கும் நகை தப்பித்துவிடும். நீரில் எடைபோட்டு ஒப்படர்த்தி (தண்ணீரைப் போல எத்தனை மடங்கு கனம்) பார்த்தால் 22 காரட் 17-க்கும் 18-க்கும் இடையில் காட்ட வேண்டும், உள்ளே வெள்ளியோ செம்போ இருந்தால் இறங்கிவிடும். உள்ளே அரக்கு அடைத்த நகைக்கு அந்தச் சோதனையும் கைகொடுக்காது, கல்லையும் அரக்கையும் கழித்துத்தான் எடை போட வேண்டும். கூட்டம் நிற்கிறது, மேனேஜர் அவசரப்படுத்துகிறார் என்று ஒரு சோதனையை விட்டுவிட்டால், ஆடிட்டில் போலி என்று தெரியும்போது தொகை மதிப்பிட்டவர் தலையில் விழும். லாக்கர் சாவி இரண்டு பேரிடம் இருக்க வேண்டும். "நான் சாப்பிட்டு வர்றேன், என் சாவியையும் வச்சிக்கோம்மா" என்பது நட்பல்ல. 20,000 ரூபாய்க்கு மேல் கடனை ரொக்கமாகக் கொடுக்கக்கூடாது என்பதும் வாடிக்கையாளரோடு தினமும் சண்டை வரும் இடம். 2026 ஏப்ரல் 1 முதல், இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம், 5 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75.

வண்டிக்கடனில் மாதத்தின் முதல் இருபது நாள் மனிதர்போல வாழலாம், கடைசி பத்து நாள் முடியாது. லாரி, டிராக்டர், சின்ன யானை (டாடா ஏஸ் வண்டி) வைத்திருப்பவர் எப்போது ஊரில் இருப்பார் என்று தெரிந்தவரே இதில் நிலைப்பார். தொப்பூரைத் தாண்டிப் போன லாரி பத்து நாள் கழித்துத்தான் திரும்பும். தவணை கட்டாதவர் வண்டியைத் தூக்குவதற்கு முன் நோட்டீஸ் போயிருக்க வேண்டும், காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுத்திருக்க வேண்டும். அந்தக் காகிதம் கையில் இல்லாமல் சாவியைத் தொடச் சொன்னால் ஊழியர் மறுக்கலாம், மறுக்கவும் வேண்டும்.

குறை மட்டுமே சொன்னால் நியாயமாகாது. பெரிய கம்பெனியில் சம்பளம் தேதிக்கு வரும், குழு மருத்துவக் காப்பீடு இருக்கும், குடிக்காத, கணக்கில் சுத்தமான பையன் மூன்று நான்கு ஆண்டில் கிளை மேனேஜர் ஆவது சகஜம். வீடு பார்த்தே இந்தக் குடும்பம் கட்டுமா கட்டாதா என்று கணிக்கும் கண் வந்துவிடும், அதற்குச் சிறு நிதி வங்கிகளில் மதிப்பு உண்டு. சொந்தத் தாலுகாவில் போஸ்டிங் கொடுக்க மாட்டார்கள் என்பதைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். சொந்தக்காரர் வீட்டு வாசலில் தவணை கேட்டு நிற்பதைவிட அது மேல்.

கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை இன்னும் சில. ஆஃபர் லெட்டரில் இருப்பது கம்பெனியின் பெயரா, ஆள் சப்ளை செய்யும் ஏஜென்சியின் பெயரா? ஏஜென்சி என்றால் ஆஃப்-ரோல், அதாவது கம்பெனியின் நேரடி ஊழியர் அல்ல; பதவி உயர்வு, காப்பீடு எல்லாம் வேறு. ஒரிஜினல் சான்றிதழ்களைக் கொடுத்து வைக்கச் சொன்னாலோ, தொகை எழுதாத செக் கேட்டாலோ, வேலைக்கு டெபாசிட் கேட்டாலோ எழுந்து வந்துவிடலாம். நகலும் சரிபார்ப்புக்கு ஒரிஜினலைக் காட்டுவதும் போதும். நோட்டீஸ் காலம் 30 நாளா 90 நாளா, புரொபேஷனில் எத்தனை, அதை முடிக்காமல் போனால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் படிக்க வேண்டும்.

விலகும் நாளைப் பற்றிச் சேரும் நாளிலேயே யோசித்து வைப்பது நல்லது. ராஜினாமாவைக் கம்பெனி மெயிலில் அனுப்பி, சொந்த மெயிலுக்கும் ஒரு நகல் போட வேண்டும், கடைசி நாளில் கம்பெனி மெயில் பூட்டப்பட்டுவிடும். பொறுப்பு ஒப்படைக்கும்போது ஒவ்வொரு சென்டரிலும் மேனேஜரையோ புதியவரையோ உடன் வைத்துக்கொண்டு கார்டையும் சிஸ்டத்தையும் ஒத்துப் பார்த்து, பாக்கிப் பட்டியலில் கையெழுத்து வாங்க வேண்டும். இதைச் செய்யாமல் போனவர்களுக்குத்தான் மூன்று மாதம் கழித்து "உங்கள் காலத்தில் 14,000 குறைகிறது" என்று போன் வரும், ரிலீவிங் லெட்டர் நிற்கும். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, விலகியவரின் சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாளில் தர வேண்டும் என்கிறது. கம்பெனிகளின் பழைய வழக்கமோ மாதக்கணக்கில் இழுப்பது. இழுத்தால் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்தில் கொடுக்கலாம். பி.எஃப். பணத்தை எடுத்துவிடாமல் அடுத்த வேலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கம்பெனி விலகிய தேதியைப் பதியாவிட்டால், கடைசிப் பங்களிப்பிலிருந்து இரண்டு மாதம் கழித்து உறுப்பினரே பதியலாம்.

சேர்வதற்கு முன் இன்னொரு வேலை பாக்கி. தம்பியை அந்தக் கிளை இருக்கும் தெருவுக்கு ஒரு வேலை நாளில் இரண்டு முறை அனுப்புங்கள். காலையில் ஆறே முக்காலுக்கு, கிளைக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் பேக் மாட்டிய பையன்கள் நிற்பார்கள். அவர்களிடம் மூன்று கேள்வி: நீங்கள் சேர்ந்து எத்தனை மாதம், இதே சீட்டில் போன வருடம் எத்தனை பேர் மாறினார்கள், போன மாதம் கைக்கு இன்சென்டிவ் எவ்வளவு வந்தது? இரவு எட்டரைக்கு மறுபடி போய் ஷட்டர் இறங்கிவிட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மாதத்தின் பத்தாம் தேதி வாக்கில் போனால் உண்மை தெரியும். கடைசி வாரத்தில் எந்தக் கிளையும் நேரத்துக்கு மூடாது.